மூச்சின் சேமிப்பு

கொல்லிமலை என்ற மாத்திரத்தே தமிழ் பயிலும் எம்மனோர்க்கு வல்வில் ஓரியின் வண்மையும் வில்லாண்மையும் நினைவிற்கு வருதல் இயல்பு. அம்மலையிலுள்ள நாடுகளுள் ஒன்றாகிய வளப்பூர் நாட்டை அறப்பளீசுவரர் திருக்கோயிலாலும் ஆகாய கங்கை அருவியாலும் அறிந்தோர் பலர். அம்மலைநாட்டை மனத்திற்கொண்டு, மருத்துவத் துறைப் பொருள் ஒன்றை எமது சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு விளக்க முற்படுகின்றோம். பருத்த உடலினர் ஒருவர் கடும்பிணியுற்று மூச்சுத் திணறுங்கால், மருத்துவர் அவருடைய மூச்சுக்குழாயினுள் ஒரு குழலைச் செலுத்துவதற்கு முன்னர்ப் பிராண வாயுவை எவ்வாறு ஊட்டுகின்றனர், ஏன் ஊட்டுகின்றனர் என்பதே அப்பொருள்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. மருத்துவம் செய்தற்கு யாம் உரியரல்லேம். ஆயினும் மருத்துவர் செய்வதை நோயாளியின் சுற்றத்தார் தம் தாய்மொழியில் அறிந்துகொள்ளுமாறு எடுத்துரைத்தல் தமிழ் கற்றோர் கடன் என்று யாம் கருதுகின்றோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் ஒருவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கின்றனர். அத்தாளின் பொருளை அவர் முற்றும் அறியார். "குழாய் போடப் போகிறார்கள்" என்னும் ஒரு சொல்லே அவர் செவியிற் படுகின்றது. அதனை மரணத்திற்கு மறுபெயராகவே அவர் கொள்கின்றார். அஞ்சித் தயங்கி நிற்கும் அந்தச் சில நிமிஷங்களின் விலை எத்துணைப் பெரிது என்பது இக்கட்டுரையின் முடிவில் விளங்கும்.

குழலிடுதல் இன்னது

நுரையீரல் தன் தொழிலைச் செய்ய மாட்டாத நிலையிலும், அறிவிழந்து தொண்டையைக் காத்துக்கொள்ள இயலாத நிலையிலும், நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் அளித்தல் வேண்டும். அதன்பொருட்டு, விரலளவு பருமனுள்ள மெல்லிய குழலொன்றை வாய் வழியே செலுத்தி, குரல் நாண்களின் இடையே புகுத்தி, மூச்சுக்குழாயில் நிறுத்துகின்றனர். குழலின் மறுமுனை செயற்கைச் சுவாசக் கருவியோடு பொருத்தப்படும். இதனையே யாம் இக்கட்டுரையில் குழலிடுதல் என்று வழங்குவோம்.

விழித்திருப்பவர் தொண்டையில் ஒரு பொருள் படினும் குமட்டலும் இருமலும் உண்டாம். ஆதலின் முதலில் உறக்கம் தரும் மருந்தையும், அதனை அடுத்துத் தசைகளைத் தளரச் செய்யும் மருந்தையும் செலுத்துகின்றனர். தசைகள் தளர்ந்தவுடன் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். மூச்சு நின்ற அக்கணம் முதல், குழல் உரிய இடத்திற் பொருந்திக் கருவியின் காற்று உட்புகும் கணம் வரையில், நோயாளி தானாகவும் சுவாசிப்பதில்லை. பிறர் உதவியாலும் நன்கு சுவாசிப்பதில்லை. கைதேர்ந்தவர் ஒரு நிமிஷத்திற்குள் இச்செயலை முடித்தல் கூடும். தொண்டையின் அமைப்பு இடர்ப்பாடாயிருப்பின் காலம் நீளும். அந்த இடைக்காலத்தில் உயிரைத் தாங்கி நிற்பது, முன்னரே நுரையீரலிற் சேமித்து வைத்த பிராண வாயு ஒன்றே.

குதிரும் தானியமும்

இச்சேமிப்பை விளக்க வீட்டுக் குதிரை உவமையாகக் கொள்வோம். ஒரு குதிரில் ஐந்து பங்கு கொட்டப்பட்டிருப்பின், அவற்றுள் ஒரு பங்கே நெல்லும் நான்கு பங்கு பதருமாயின், பார்வைக்குக் குதிர் நிறைந்திருப்பினும் உண்பார்க்கு அது சின்னாட்களுக்கே போதும். நாம் சுவாசிக்கும் காற்று அத்தன்மையதே. அதில் நூற்றுக்கு 21 பங்கே பிராண வாயு. எஞ்சியதிற் பெரும்பகுதி நைட்ரஜன். அந்நைட்ரஜன் உடலுக்கு உணவாவதின்று. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதன் தொழில்.

சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட பின்னரும் வளர்ந்த ஒருவருடைய நுரையீரலில் ஏறக்குறைய 2.5 லிட்டர் காற்று தங்கியிருக்கும். இதுவே நமது குதிர். நுரையீரலின் நுண்ணறைகளில் நீராவியும் கரியமில வாயுவும் கலந்திருத்தலின், அங்கே பிராண வாயுவின் பங்கு நூற்றுக்கு 14 அளவே. எனவே அக்குதிரில் உள்ள உண்மைத் தானியம் 350 மில்லிலிட்டர். உடலோ ஓய்வாயிருக்கும்போதே நிமிஷத்திற்கு 250 மில்லிலிட்டர் பிராண வாயுவைச் செலவிடுகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின் இச்சேமிப்பு ஒன்றரை நிமிஷத்திற்கும் போதாமை புலனாகும்.

இனி, மூச்சு நிற்பதற்கு முன்னர்ச் சில நிமிஷங்கள் தூய பிராண வாயுவையே சுவாசிக்கச் செய்தால், ஒவ்வொரு மூச்சிலும் பதர் வெளியேறித் தானியம் உட்புகும். நைட்ரஜன் நீங்கிய பின்னர் அதே 2.5 லிட்டரில் 2 லிட்டருக்கு மேற்பட்டது பிராண வாயுவாகவே இருக்கும். அப்போது நல்ல உடல்நிலையிலுள்ள ஒருவர் மூச்சின்றி ஏறக்குறைய 8 நிமிஷம் ஆபத்தின்றித் தாங்குவர். ஒன்றரை எங்கே, எட்டு எங்கே! பிராண வாயுவை முன்னரே ஊட்டுதல் என்னும் முறையின் பயன் முழுவதும் இவ்விரண்டு எண்களில் அடங்கியுள்ளது.

ஊட்டும் முறை எளியது. ஆயினும் கவனம் வேண்டுவது. முகத்தோடு இறுகப் பொருந்தும் முகமூடியின் வழியே, நோயாளி இயல்பாக மூச்சுவிடின் 3 நிமிஷமும், ஒத்துழைத்து ஆழ மூச்சுவிட வல்லராயின் 1 நிமிஷத்தில் 8 ஆழ்ந்த மூச்சும் கொள்ளுதல் வழக்கம். முகமூடி தளர்ந்திருப்பின் சுற்றியுள்ள காற்று உட்புகுந்து பதரைத் திரும்பவும் கொண்டுவந்து சேர்த்துவிடும். வெளிவிடும் மூச்சிற் பிராண வாயு நூற்றுக்கு 90 பங்கை எட்டுமாயின் குதிர் நிறைந்தது என்று கொள்வர்.

பருத்த உடலில் நேர்வது

பருத்த உடலினரிடத்து இக்கணக்கு மூன்று வகையால் மாறுபடுகின்றது.

முதலாவது, குதிர் சிறுத்துவிடுகின்றது. வயிற்றிலும் மார்பிலும் படிந்த கொழுப்பின் பாரம் உதரவிதானத்தை மேல் நோக்கித் தள்ளுகின்றது. மல்லாந்து படுத்தவுடன் அப்பாரம் முழுவதும் நுரையீரலின்மேற் சாய்கின்றது. ஆதலின் மூச்சு வெளிவிட்டபின் உள்ளே தங்கும் காற்றின் அளவு பெரிதும் குறைந்துவிடும்.

இரண்டாவது, உண்போர் மிகுந்துவிடுகின்றனர். பெரிய உடலுக்குப் பிராண வாயுவின் செலவும் பெரிது. மூச்சு வாங்குதலாகிய உழைப்பிற்கே மிகுந்த செலவு நேர்கின்றது. சிறு குதிரும் பெருங்குடும்பமும் சேர்ந்தால் பஞ்சம் விரைந்து வருதல் சொல்லாமலே அமையும்.

மூன்றாவது, குதிரின் அறைகள் சில மூடிக்கொள்கின்றன. நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள நுண்ணறைகள் பாரத்தால் நசுங்கிச் சுருங்குகின்றன. இரத்தம் அவ்வறைகளைச் சுற்றி ஓடினும் பிராண வாயுவைப் பெறாமலே திரும்புகின்றது. மூடிய அறைக்குத் தூய பிராண வாயுவை எத்துணை நேரம் ஊட்டினும் அஃது உள்ளே சென்று சேராது. வெறும் முகமூடி இவர்களிடத்துப் பல வேளைகளிற் பயன் குன்றுதற்கு இதுவே முதற்காரணம்.

1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அறுவைக்கு வந்தோர்க்குப் பிராண வாயுவை நன்கு ஊட்டிய பின் மூச்சு நின்ற நேரத்தை அளந்தனர். இரத்தத்தின் பிராண வாயு நிறைவு நூற்றுக்கு 90 என்னும் எல்லைக்கு இறங்க, இயல்பான எடையினர்க்கு 364 விநாடி ஆயிற்று. மிகப் பருத்த உடலினர்க்கு 163 விநாடியே ஆயிற்று. ஆறு நிமிஷம் மூன்றிற்கும் குறைந்தமை காண்க. அவர்களோ அறுவைக்கென ஏற்பாடாக வந்தோர். நுரையீரலில் நோய் இல்லாதோர். நிமோனியாவால் நுரையீரலில் நீர் கோத்தவரும், இரத்த அழுத்தம் தாழ்ந்தவரும், காய்ச்சலால் பிராண வாயுச் செலவு பெருகியவரும் ஆகிய கடும்பிணியாளர்க்கு அந்த 163 விநாடியும் கிட்டுவதரிது.

இவற்றொடு வேறு இடையூறுகளும் சேர்கின்றன. கழுத்துப் பருத்திருத்தலின் குரல் நாண்களைக் காண்பது கடினமாகலாம். முகமூடி முகத்தோடு படியாமற் போகலாம். உறக்கத்திற் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்கும் நோயும் பருத்த உடலினர் பலரிடம் உண்டு. காலம் குறுகியவிடத்தே வேலை கடினமாதல் இதன் கொடுமை.

மேட்டுநிலமும் மலைச்சரிவும்

இரத்தத்திலுள்ள பிராண வாயு எவ்வாறு குறைகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். அது படிப்படியாக ஒரே சீராகக் குறைவதன்று. கொல்லிமலைக்குச் சென்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மலையின் மேற்பரப்பில் வயலும் ஊருமாகப் பெரிதும் மேட்டுநிலமாகவே இருக்கும்; நெடுந்தூரம் நடந்தாலும் மிக இறங்கியதாகத் தோன்றாது. விளிம்பை அடைந்தவுடன் நிலம் செங்குத்தாகச் சரியும். இரத்தத்தின் இயல்பும் இதுவே. நிறைவு 100-இலிருந்து 90 வரை மெல்ல இறங்கும். 90-ஐக் கடந்தபின் சரிவில் உருளும் கல்லைப் போல விரைந்து வீழும். ஆதலின் 93 என்ற எண்ணைக் கண்டு, "இன்னும் 93 இருக்கின்றதே" என்று ஆறியிருத்தல் தகாது. நிற்குமிடம் மேட்டின் விளிம்பு.

இவ்வெண்ணை விரல் நுனியில் மாட்டிய சிறு கருவி காட்டுகின்றது. இதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியியலறிஞர் டக்குவோ அவோயாகி. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் இக்கருவி நம் வீடுகளிலும் புகுந்தது. கருமை நிறத்தோரிடம் இக்கருவி சில வேளை உண்மையினும் மிகுத்துக் காட்டும் என்பதை 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். நம் நாட்டார் பலரும் கருநிறத்தவராதலின், எண்ணை மட்டும் நம்பாது நோயாளியின் தோற்றத்தையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பரிகாரங்கள்

இடையூறு இன்னது என்று தெளிந்தபின் பரிகாரம் தானே புலனாகும்.

தலை உயர்த்தல் முதலாவது. பாரம் நுரையீரலின்மேற் சாய்வதே தீங்காயின், நோயாளியைப் படுக்க விடாது உடலின் மேற்பகுதியை உயர்த்தினால் அப்பாரம் கீழ்நோக்கி இழியும். 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில் மிகப் பருத்த உடலினர் 42 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தட்டையாகவும், மற்றொரு பிரிவினரை 25 பாகை தலை உயர்த்தியும் பிராண வாயு ஊட்டினர். நிறைவு 92-க்கு இறங்கத் தட்டையாகப் படுத்தோர்க்குச் சராசரி 155 விநாடியும், தலை உயர்ந்தோர்க்கு 201 விநாடியும் ஆயின. காசு செலவின்றி, தலையணையும் மடித்த துணியும் கொண்டே 46 விநாடி ஈட்டப்பட்டது. காதின் துளையும் மார்பெலும்பின் மேல் நுனியும் ஒரே மட்டத்தில் அமையுமாறு தோளுக்கும் தலைக்கும் அடியில் அடுக்கி உயர்த்துதல் மருத்துவர் கையாளும் முறை. இதனால் தொண்டையைக் காண்பதும் எளிதாகின்றது.

அழுத்தம் கொடுத்தல் இரண்டாவது. மூடிய நுண்ணறைகளைத் திறக்க வேண்டுமாயின் காற்றைச் சிறிது அழுத்தத்தோடு செலுத்துதல் வேண்டும். ஒட்டிக்கொண்ட பலூனை ஊதித் திறப்பது போன்றது இது. இறுகப் பொருந்திய முகமூடியின் வழியே கருவி ஒன்று மூச்சு வாங்கும்போது மிகுந்த அழுத்தமும், விடும்போது குறைந்த அழுத்தமும் தந்து நுரையீரல் முற்றும் சுருங்கிவிடாது தாங்குகின்றது. பிரெஞ்சு மருத்துவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிராண வாயு குறைந்த கடும்பிணியாளர் 53 பேரை எடுத்துக்கொண்டனர். குழலிடுங்கால் நிறைவு 80-க்குக் கீழ் வீழ்ந்தோர், வழக்கமான முறையில் நூற்றுக்கு 46 பேர். அழுத்த முறையில் நூற்றுக்கு 7 பேர்.

சிறிய ஆராய்ச்சியைக் கொண்டு பெரிய முடிவு கூறுதல் தகாது என்று ஐயுற்றோர்க்கு 2024-இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் 24 அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலுமாக 1301 நோயாளிகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. நிறைவு 85-க்குக் கீழ் வீழ்ந்தோர் வெறும் முகமூடியில் நூற்றுக்கு 18.5, அழுத்த முறையில் 9.1. இதயம் நின்றோர் முன்னதில் நூற்றுக்கு 1.1, பின்னதில் 0.2. அழுத்தத்தால் வயிற்றிற் காற்றேறி வாந்தி உண்டாகி நுரையீரலிற் புகுமோ என்னும் அச்சம் நெடுநாளாக இருந்தது. அவ்வாராய்ச்சியில் அத்தீங்கு அழுத்த முறையில் மிகுந்ததாகக் காணப்படவில்லை. ஆயினும் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர்க்கும் முகம் சிதைந்தவர்க்கும் இம்முறை ஏற்றதன்று.

மூக்கின் வழி ஊட்டல் மூன்றாவது. மூச்சு நின்ற பின்னும் நுண்ணறைகளிலிருந்து இரத்தம் பிராண வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சப்பட்ட இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று தானே கீழிறங்கும். ஆதலின் மூக்கிற் பொருத்திய சிறு குழாயின் வழியே நிமிஷத்திற்கு 15 லிட்டர் பிராண வாயுவைக் குழலிடும் நேரம் முழுவதும் விடுதல் சேமிப்பை ஓரளவு நீட்டிக்கும். இந்தியக் கடின சுவாசப் பாதைச் சங்கத்தார் 2016-இல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கென வெளியிட்ட நெறிமுறைகளும் பிராண வாயுவை முன்னரே ஊட்டுதலையும், மூச்சு நின்றபோது மூக்கின் வழி ஊட்டுதலையும் வற்புறுத்துகின்றன. நம் நாட்டு மருத்துவமனைகளின் வசதிகளை நோக்கி நம் நாட்டு மருத்துவர்களே வகுத்தமையால் அவை நமக்குப் பெரிதும் பயன்படுவன.

பிராண வாயுக் குறைவாலேயே அறிவு கலங்கி முகமூடியைப் பிடுங்கி எறியும் நோயாளியும் உண்டு. அவரைக் கட்டிவைத்தல் தீர்வாகாது. மூச்சை நிறுத்தாத உறக்க மருந்தைச் சிறிதளவு செலுத்தி, அவர் அமைதியுற்றபின் பிராண வாயுவை நிரம்ப ஊட்டி, அதன் பின்னரே தசை தளர்த்தும் மருந்தைச் செலுத்துதல் இக்கால வழக்கு.

மாணவர் கை

இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. பிராண வாயுவை 1774 ஆகஸ்டு 1-ஆம் நாள் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு சபைப் போதகர். சுவீடன் நாட்டு ஷீலே அவர்க்கு முன்னரே அதனைக் கண்டிருந்தும் பிந்தியே வெளியிட்டார். அதற்குப் பெயரிட்டு அதன் இயல்பை விளக்கியவர் பிரெஞ்சு நாட்டு லவாசியே. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்க்கு அறுவை செய்யுங்கால் குழலிடும் முறையைச் செம்மை செய்தவர் ஐவன் மேகில். குரல் நாண்களைக் காட்டும் வளைந்த கருவியை 1943-இல் அமைத்தவர் ராபர்ட் மாக்கின்டாஷ்.

இவ்வரலாற்றில் எம் போன்ற மாணவர் மறத்தற்கரிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்தோருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பியோன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், கழுத்தில் துளையிட்டுக் குழல் பொருத்தி, பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். பையை இரவும் பகலும் இடைவிடாது அழுத்துவார் யார்? மருத்துவக் கல்லூரி மாணவரும் பல் மருத்துவ மாணவருமாக ஏறக்குறைய 1500 பேர் முறைவைத்து வந்தமர்ந்து கையால் மூச்சூட்டினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தோற்றம் அதுவே என்பர்.

நம் நாட்டு நிலைமை

பருத்த உடல் மேனாட்டார்க்கே உரிய குறை என்று எண்ணுதல் இனிப் பொருந்தாது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்து வரும் எண்ணே உடல் நிறைக் குறியீடு. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 70 கிலோ எடையாயின் குறியீடு 25.7, 110 கிலோவாயின் 40.4. உலக சுகாதார நிறுவனம் 30-ஐப் பருமனின் எல்லையாகக் கொள்ளினும், இந்தியர்க்குக் குறைந்த எடையிலேயே தீங்கு நேர்தலின் நம் மருத்துவர்கள் 2009-இல் 25-ஐ எல்லையாக வகுத்தனர். 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இவ்வெல்லையை எட்டியோர் பெண்களில் நூற்றுக்கு 40.4, ஆண்களில் 37.0. ஆதலின் இஃது அயலார் கதையன்று. நம் வீட்டார் கதை. உடல் பருத்தல் பெருந்தீனியின் பயன் என்று எள்ளி நகையாடுவோர் உளர். பிறப்பியல்பு, மருந்து, வறுமையால் வந்த மலிவுணவு முதலிய பல காரணங்கள் அதற்கு உண்டு. இகழப்படுவோம் என்று அஞ்சி மருத்துவரிடம் காலந்தாழ்த்துச் செல்வோர்க்கு நேரும் தீங்கு நகைத்தவர் தலையையே சாரும்.

வளப்பூர் நாட்டார்க்கு வேண்டுவன

இனி மலைநாட்டிற்கு வருவோம். கொல்லிமலையின் மேட்டுநிலம் சற்றேறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. 1200 மீட்டர் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தினும் நூற்றுக்கு 13 பங்கு குறைவு. இதனால் நலமுடையார்க்கு யாதொரு துன்பமும் இல்லை. ஆயினும் தூய பிராண வாயுவால் நிரப்பிய குதிரிலும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். சமவெளியில் 163 விநாடி தாங்கியவர் அங்கே 140 விநாடி தாங்குவர் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

இதனினும் பெரியது வழியின் நீளம். 108 அவசர ஊர்தி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகின்றது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. இவை பெரும்பேறு. எனினும் மலையிலிருந்து நாமக்கல்லை அடைய 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லுதல் வேண்டும். அம்மலையில் நோயாளர்க்குத் தொண்டாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட் பாதிரியார் 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் அங்கேயே உயிர்நீத்தார். அவர் மகனார், 1914-இல் பிறந்த பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர் கைகளைத் திருத்திய மருத்துவராகப் புகழ் பெற்றார். இன்று பாதை உண்டு, ஊர்தி உண்டு. ஆனால் வளைவுகள் குறைந்தில.

அவ்வழியில் நோயாளியைத் தட்டையாகக் கிடத்திக் கொண்டுவருதலே, பருத்த உடலினர்க்கு அறியாமற் செய்யும் பெருந்தீங்கு. முதுகெலும்பில் அடிபடாதவராய், இரத்த அழுத்தம் மிகத் தாழாதவராய் இருப்பின், ஊர்திப் பணியாளரிடம் சொல்லித் தலைப்புறத்தை உயர்த்திக்கொள்ளுதல் நன்று. பிராண வாயுவின் கணக்கும் அறியத்தக்கது. ஊர்திகளிற் காணும் பி வகை உருளை ஒன்றில் ஏறக்குறைய 1500 லிட்டர் அடங்கும். நிமிஷத்திற்கு 15 லிட்டர் வீதம் செலவிட்டால் 100 நிமிஷம் வரும். முழு உருளைக்கே இக்கணக்கு. பாதி தீர்ந்ததாயின் 50 நிமிஷமே. புறப்படுமுன் முள் காட்டும் அளவை நோக்குதல் அறிவுடைமை.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே வளப்பூர் நாட்டிற்கு யாம் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, "தம்பிகளா, கொழாய் வெச்சா ஆளு திரும்புமா, திரும்பாதா?" என்று வினவினார். அன்று யாம் விடை கூறத் தெரியாது நின்றோம். கற்றறிந்தபின் கூறும் விடை இது: குழலால் நோய் தீர்வதில்லை, நோய் தீருமட்டும் மூச்சைத் தாங்குவதே அதன் தொழில். திரும்புவதும் திரும்பாமையும் நோயின் வன்மையையும், காலத்தோடு வந்தமையையும், குழலிடுமுன் பிராண வாயுவை நிரப்பியமையையும் பொறுத்தன. கடைசி இரண்டும் மனிதர் கையில் உள்ளன.

சுற்றத்தார் செய்யத்தக்கன சில. நோயாளி உட்கார விரும்பின் வற்புறுத்திப் படுக்க வைத்தலாகாது. முகமூடி முகத்தை இறுக்குகின்றதே என்று இரங்கி அதனை விலக்குதலும், "ஒரு வாய் தண்ணீர்" என்று புகட்டுதலும் கூடா. இறுக்கமே அதன் பயன். வயிற்றில் உள்ளது நுரையீரலிற் புகுதல் உயிர்க்கு இறுதி. உறக்கத்திற் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா, பொய்ப்பல் உண்டா, முன்னர் மயக்க மருந்து கொடுத்தபோது இடர் நேர்ந்ததா என்பவற்றைக் கேட்கும் முன்னரே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். பிராண வாயு உள்ளவிடத்தே பீடியும் விளக்கும் அணுகலாகாது. மருத்துவர் தலையை உயர்த்தி, முகமூடியை அழுத்தி, ஒன்றும் செய்யாதவர்போற் மூன்று நிமிஷம் நிற்பாராயின், "ஏன் தாமதிக்கின்றார்?" என்று வெகுளற்க. குதிர் நிரம்புகின்றது.

கல்லூரி விட்டுச் செல்லும் நண்பர்களுள் மருத்துவராவோர் சிலர், ஆசிரியராவோர் பலர், நோயாளியின் பக்கத்தில் என்றேனும் நிற்கப்போவோர் எல்லோரும். மருத்துவராவோர் அந்த மூன்று நிமிஷத்தில் தாம் செய்வதைச் சுற்றத்தார்க்கு இரண்டு தமிழ் வாக்கியத்திற் சொல்லிவிட்டுச் செய்வாராக. "இவருக்குச் சிறிது நேரம் மூச்சு நிற்கும், அதற்கு வேண்டிய காற்றை இப்போதே நிரப்புகின்றோம்" என்றால் எழுத்தறியாதவர்க்கும் பொருள் விளங்கும். விளங்கினால் அச்சம் குறையும்; கையொப்பம் காலத்தோடு விழும். அவ்வாறு மிஞ்சும் நிமிஷம் ஒன்றாயினும், மேட்டின் விளிம்பில் நிற்பவர்க்கு அதுவே போதுமானதாதல் கூடும்.